உள்ளி காத்திருக்கும், உழைப்பாளி காத்திருக்க முடிகிறதா?

நெல்லைச் சீமையில் உழைப்பாளி வீட்டுக் காலை எதில் விடிகிறது? பழைய கஞ்சியில் விடிகிறது. காட்டு வேலைக்குப் புறப்படும் கூலிப் பெண்ணுக்கும், முதல் ஷிப்டுக்கு ஓடும் மில் தொழிலாளிக்கும் அந்தக் கஞ்சிக்கு வெஞ்சனம் நாலு உள்ளிதான். கறியும் மீனும் சம்பளம் வாங்கிய வாரத்துச் சமாச்சாரம். உள்ளி அப்படியல்ல, அது தினசரி வேண்டும்.

வடக்கே இதைச் சின்ன வெங்காயம் என்பார்கள். நமக்கு உள்ளி, ஈருள்ளி. பெரிய வெங்காயத்துக்கு இங்கே பல்லாரி என்று பெயர். கர்நாடகத்துப் பெல்லாரி ஊரின் பெயர் அது.

ஒரு வருஷம் உள்ளி விலை ஏறுகிறது. "அண்ணாச்சி, அரைக் கிலோ வேண்டாம், நூறு கிராம் போடுங்க" என்று பையைச் சுருட்டிக்கொள்கிறாள் மில் தொழிலாளியின் மனைவி. மறு வருஷம் விலை விழுகிறது. பிடுங்குகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று விவசாயி காட்டோடு காடாக உழுது விடுகிறான். அன்று கூலிக்காரிக்கு வேலையும் போயிற்று. ஏறின வருஷமும் சரி, இறங்கின வருஷமும் சரி, நடுவில் ஒருவன் மட்டும் நஷ்டப்படுவதில்லை. அவன் கையில் அப்படி என்ன ஆயுதம் இருக்கிறது?

மந்திரம் ஒன்றும் இல்லை. சரக்கை வைத்திருக்க ஓர் இடம். விலை வரும் வரை காத்திருக்கக் கையில் பணம். இந்த இரண்டுதான் அவனுடைய ஆயுதம். இந்த இரண்டும் விளைவிக்கிறவன் கைக்கு வராத வரை உள்ளியின் இனிப்பு ஒருவனுக்கும், கண்ணீர் மற்றவனுக்குமாகத்தான் இருக்கும். இதை விளக்கவே இக்கட்டுரை.

உறைப்பு எங்கே, இனிப்பு எங்கே?

உரித்த உள்ளியை முழுசாகக் கையில் வைத்திருந்தால் கண் எரிவதில்லை. கத்தி பட்டதும் எரிகிறது. காரணம் என்ன? உள்ளிக்குள் கந்தகம் கலந்த ஒரு பொருளும், அதை உடைக்கும் ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி நடுச்சுவரை இடித்து விடுகிறது. இரண்டும் சேர்ந்ததும் ஒரு கார ஆவி பிறக்கிறது. அது கண்ணில் பட்டு நீர் வழிகிறது.

இனிப்போ முதலிலிருந்தே உள்ளிக்குள் இருக்கிறது. உறைப்பு அதை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் பெண்கள் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தீயலுக்கு உள்ளியை நறுக்காமல் முழுசாகவே எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வதக்குகிறார்கள். சூடு ஏறினால் நொதி செத்து விடும். புதிதாக உறைப்பு பிறக்க வழியில்லை. இருந்த உறைப்பும் ஆவியாகப் போய்விடும். வறுத்து அரைத்த தேங்காயும் மல்லியும் மிளகாயும் புளியும் சேர்ந்த பிறகும், கடித்தால் உள்ளி தித்திக்கிறது. கலியாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சொதியில் தேங்காய்ப் பாலோடு தித்திப்பதும் இதே உள்ளிதான். இதற்குச் சர்க்கரை வேண்டாம். பொறுமையான தீ போதும்.

அமெரிக்காவில் பச்சையாகவே கடித்துத் தின்னலாம் என்று விளம்பரம் செய்து விற்கும் இனிப்பு வெங்காயம் உண்டு. அதில் சர்க்கரை அதிகம் என்று நினைக்க வேண்டாம். உறைப்பு குறைவு, நீர் அதிகம். அதனால் இனிப்பு வெளியே தெரிகிறது. கந்தகம் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் விளைவதால் வந்த குணம் அது. ஆனால் நீர் அதிகமான வெங்காயம் நெடுநாள் தாங்காது.

நம் உள்ளி உறைப்பானது, கெட்டியானது. நன்றாக உலர்த்தி, காற்று ஓடுகிற இடத்தில் போட்டால் மூன்று நான்கு மாதம் நிற்கும். விதைக்கென்று எடுத்து வைப்பதும் அப்படித்தான். இயற்கை உள்ளிக்குக் காத்திருக்கும் சக்தியைக் கொடுத்திருக்கிறது. அதை விளைவிக்கிறவனுக்குத்தான் அந்தச் சக்தி இல்லை. பிரச்னை இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஓர் ஏக்கருக்கு எத்தனை குனிவு?

தாமிரவருணிக் கால்வாய்கள் பாயும் நஞ்சையில் நெல்லும் வாழையும். உள்ளி அதற்கு வடமேற்கே, ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களில். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகியது. ஆனால் குற்றால மலையில் பிறந்து அந்தப் பக்கமாக ஓடிவரும் சிற்றாறு இன்றும் தாமிரவருணியில்தான் வந்து சேருகிறது. கூலிக்காரரின் கஷ்டமும் மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை.

உள்ளி எப்படி விளைகிறது என்பதை மில் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இரண்டு பக்கமும் நாலு விரற்கடைக்கு ஒன்றாக விதை உள்ளியை ஊன்ற வேண்டும். இயந்திரம் அல்ல, கைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் உள்ளிக்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றையும் ஒரு பெண் குனிந்து மண்ணில் வைக்கிறாள். அந்தப் பக்கத்தில் வேலை இல்லாத நாளில் பீடி சுற்றுகிற அதே விரல்கள்தாம் இவை. பிறகு களை எடுப்பு. பிறகு இலைப்பேனோடும் அழுகலோடும் திருகல் நோயோடும் போராட்டம். எழுபது, தொண்ணூறு நாளில் தாள் பழுத்துச் சாயும். தண்ணீரை நிறுத்திப் பிடுங்கி, தாளோடு நிழலில் உலர்த்தி, தாள் அறுத்து, மண் தட்டி, பொடியும் பெரியதும் பிரித்து, சாக்கில் போட வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு.

ஏக்கருக்கு விதை உள்ளியே அறுநூறு கிலோ அளவுக்கு வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த கோ.5 என்ற ரகத்தை விதை தூவி நாற்றாக வளர்க்கலாம். அதற்குச் சில கிலோ விதை போதும். மற்றபடி விதைச் செலவுதான் சாகுபடியில் பெருஞ்செலவு. அதற்குக் கடன். உரக்கடையில் பாக்கி. கூலி அன்றன்றைக்கு வேண்டும். வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருந்தால் சரக்கை வேறு யாரிடமும் காட்ட முடியாது.

இந்த நிலைமையில் அறுவடை வருகிறது. அவன் தோட்டத்தில் மட்டுமா? சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் வருகிறது. மேலே மேகம் மூடுகிறது. ஒரு மழை நனைத்தால் உள்ளி அழுகும். வீட்டில் வைக்க இடமில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். மார்க்கெட்டில் சாக்கை இறக்கியதும் தரகு, இறக்குகூலி, கழிவு என்று பிடித்தம். சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி என்ன? விதைக்கு எடுத்து வைக்க வேண்டியதையும் சேர்த்து விற்றுவிட்டு, அடுத்த பருவத்தில் அதே உள்ளியை அதிக விலை கொடுத்து விதைக்கு வாங்குகிறான். தான் விற்ற சரக்கைத் தானே விலை கூட்டி வாங்குகிற வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

அமெரிக்க இனிப்பு வெங்காயத்தின் கதை

முன்னே சொன்ன அமெரிக்க இனிப்பு வெங்காயத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலத்தில் வைடாலியா என்ற ஊர்ப்பக்கம் அது விளைகிறது. 1931-ல் ஒரு விவசாயி அதைத் தற்செயலாகக் கண்டார். வெங்காயம் உறைக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அதற்குப் பேர் வந்தது, கிராக்கி வந்தது. வேறு ஊர்ச் சரக்கு அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 1986-ல் அந்த மாநில சட்டசபை சட்டமே போட்டது. எந்தெந்தப் பகுதியில் விளைந்தால் அந்தப் பெயர் என்று எல்லை வகுத்தார்கள்.

அந்த வெங்காயம் தாங்காது என்றோமே, அதற்கு என்ன செய்தார்கள்? 1990 வாக்கில் ஆப்பிள் பழத்தைப் பாதுகாக்கிற கிடங்கு முறையை இதற்கும் கொண்டு வந்தார்கள். காற்றில் உள்ள பிராணவாயுவைக் குறைத்து, குளிரவைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள். தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காத்திருக்க முடியாத வெங்காயத்தைக்கூட மூலதனம் காத்திருக்க வைத்து விடுகிறது. இங்கேயோ, காத்திருக்கக்கூடிய உள்ளியையும் மூலதனம் இல்லாத காரணத்தால் அன்றைக்கே தள்ள வேண்டியிருக்கிறது.

கதை இதோடு முடியவில்லை. பெயரைச் சட்டம் காத்தது, வெங்காயத்தைக் கிடங்கு காத்தது. தோண்டி எடுத்த கையை யார் காத்தார்கள்? 2021 நவம்பரில் தெற்கு ஜார்ஜியாவில் 24 பேர் மீது அமெரிக்க அரசாங்கமே ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பருவ வேலைக்கென்று தொழிலாளரைக் கொண்டு வந்து, அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் காட்டி மிரட்டி வேலை வாங்கினார்கள் என்பது அதில் கண்ட குற்றச்சாட்டு. வெறுங்கையால் வெங்காயம் தோண்டவைத்து வாளிக்கு 20 சென்ட் கொடுத்தார்களாம். 20 சென்ட் என்றால் ஒரு டாலரில் ஐந்தில் ஒரு பங்கு.

உலகத்தின் பணக்கார நாட்டில், உலகத்தின் இனிப்பான வெங்காயம் விளைகிற சீமையில் நடந்த விஷயம் இது. எனவே, நல்ல ரகம் வந்தால் போதும், பெரிய கிடங்கு வந்தால் போதும், தொழிலாளி வாழ்வும் தானாக இனித்து விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடங்கு யாருடையது, கூலியை நிர்ணயிப்பது யார் என்பதுதான் கேள்வி.

விலை ஏறினால் விழிப்பு, இறங்கினால் உறக்கம்

சர்க்காரின் போக்கு எப்படி? வெங்காயத்துக்கு அவர்கள் பயப்படாமல் இல்லை. 1980 பொதுத் தேர்தலிலும், 1998-ல் டில்லி, ராஜஸ்தான் தேர்தல்களிலும் வெங்காய விலை ஆளுங்கட்சியை அடித்துப் போட்டதை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. ஆகவே விலை ஏறினால் உடனே விழித்துக்கொள்கிறார்கள். 2019 செப்டம்பரில் ஏற்றுமதிக்குத் தடை. 2020 செப்டம்பரில் மறுபடி தடை. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, அந்த டிசம்பரில் முழுத் தடை. 2024 மே மாதம் தடையை நீக்கினார்கள். வரி முழுவதும் போனது 2025 ஏப்ரலில்தான். எங்கள் சின்ன உள்ளியை வடநாட்டு வெங்காயத்தோடு ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்டதற்குச் செவி சாய்க்கவில்லை.

சரி, தடை போட்டதால் நமக்கு மலிவாகக் கிடைத்ததா? 2019 டிசம்பரில், தடை அமலில் இருக்கும்போதே, பெரிய வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 

விலை இறங்கும்போது என்ன நடக்கிறது? 2018 நவம்பரில் நாசிக் மாவட்டத்து விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயம் விற்று 1,064 ரூபாய் வாங்கினார். வயிறெரிந்து அதைப் பிரதமருக்கே மணியார்டர் செய்தார். 2023 பிப்ரவரியில் சோலாப்பூரில் ஒரு விவசாயி 512 கிலோ வெங்காயம் போட்டார். ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டிச் சத்தம் எல்லாம் போக அவர் கைக்கு வந்தது 2 ரூபாய்க்கு ஒரு செக்! அடுத்த மாதம் மகாராஷ்டிர விவசாயிகள் கிசான் சபா கொடியின் கீழ் திண்டோரியிலிருந்து பம்பாயை நோக்கி நடந்தார்கள். நடந்த பிறகுதான் குவிண்டாலுக்கு 350 ரூபாய் நிவாரணம் என்று அங்கே சர்க்கார் வாயைத் திறந்தது.

பதுக்கல் விஷயத்தையும் பார்ப்போம். 2020-ல் அத்தியாவசியப் பண்டச் சட்டத்தைத் திருத்தி, வெங்காயம் விலை இரண்டு மடங்கானால் ஒழிய இருப்புக்கு வரம்பு விதிக்க மாட்டோம் என்றார்கள். சட்டத்தின் மை உலருமுன், அக்டோபரிலேயே, மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று வரம்பு கட்ட நேர்ந்தது. டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து போராடியதன் பேரில் 2021-ல் அந்தச் சட்டத் திருத்தமும் மற்ற இரு சட்டங்களோடு ரத்தாயிற்று.

வைத்திருப்பதே குற்றமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. தான் விளைவித்ததைத் தான் வைத்திருந்தால் அது சேமிப்பு. ஆயிரம் பேர் விளைவித்ததை, அவர்களுடைய அவசரத்தைப் பயன்படுத்தி வாங்கி, ஊர் தவிக்கும்வரை ஒருவன் பூட்டி வைத்தால் அது பதுக்கல். வித்தியாசம் பூட்டில் இல்லை. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதில் இருக்கிறது.

மில் தொழிலாளியின் கேள்வி

"உள்ளிக்கு நல்ல விலை கொடு என்கிறீர்களே, அப்புறம் நான் எப்படி வாங்குவேன்?" என்று மில் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வே சொல்கிறது. வெங்காயத்துக்கு நாம் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 36 பைசா. வண்டிச் சத்தம், சேதாரம், தரகு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று 64 பைசா வழியில் கரைகிறது. அந்த 36 பைசாவுக்குள்தான் விதை, உரம், கடன் வட்டி, கூலிக்காரியின் கூலி எல்லாம் அடக்கம்.

வழியில் கரைவதெல்லாம் கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. லாரிக்கு டீசல் வேண்டும். சுமை தூக்குகிறவனுக்குக் கூலி வேண்டும். சிறு கடைக்காரரும் பிழைக்க வேண்டும். ஆனால் இந்த 64-ல் நாலில் ஒரு பங்கைக் குறைத்தாலே, விவசாயிக்கு 8 பைசா கூட்டவும் நமக்கு 8 பைசா குறைக்கவும் இடமிருக்கிறது. விலை ஏறினால் விவசாயிக்கு லாபம், இறங்கினால் தொழிலாளிக்கு லாபம் என்று நம்மை இரண்டாகப் பிரித்துப் பேசுவது நடுவில் நிற்கிறவனுக்குச் சௌகரியமான பேச்சு.

நம் சீமையில் இந்தப் பிரிவினையே பொய். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியை நம்பிப் பஞ்சாலை வைத்த நாளிலிருந்து, விக்கிரமசிங்கபுரத்து ஆலைக்கு வந்தவர்கள் யார்? சுற்றுப்பட்டிக் கிராமத்து விவசாயிகளின், கூலிக்காரரின் பிள்ளைகள். அண்ணன் நூல் இழுக்கிறான். தங்கை உள்ளி ஊன்றுகிறாள். ஒரே குடும்பத்தை ஒன்றுக்கொன்று எதிரி ஆக்கப் பார்க்கிறது இந்த விலைச் சூதாட்டம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உள்ளி விளைகிற ஒவ்வொரு வட்டாரத்திலும் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் பொதுப் பட்டறை வேண்டும். திண்டுக்கல், திருப்பூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் விவசாயிகள் பட்டறை போட்டு உள்ளியைக் காக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய தளம், நாலு பக்கமும் காற்று, மேலே மழை இறங்காத கூரை. அதிகம் அகலமில்லாத குவியல். கோடி ரூபாய்க் குளிர்பதனக் கிடங்கு அல்ல நாம் கேட்பது. பட்டறையில் வைத்தாலும் எடை குறையும், கொஞ்சம் அழுகும் என்பது உண்மைதான். அடிக்கடி புரட்டி, அழுகலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அது கூலிப் பெண்களுக்கு அறுவடை முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு வேலை.

இரண்டாவது, பட்டறையில் இறக்கிய உள்ளியின் பேரில் அன்றைக்கே பொருளீட்டுக் கடன். தானியத்துக்கும் பருத்திக்கும் இந்த வழக்கம் இருக்கும்போது உள்ளிக்கு ஏன் கூடாது? பட்டா உள்ளவனுக்கு மட்டுமல்ல, குத்தகைக்கு உழுகிறவனுக்கும் கிடைக்க வேண்டும். கையில் பணம் இல்லாமல் இடம் மட்டும் இருந்தால், பட்டறையும் நாளடைவில் வியாபாரியின் பட்டறை ஆகிவிடும்.

மூன்றாவது, சாகுபடிச் செலவுக்கு மேல் கட்டுப்படியாகிற அடிப்படை விலை. பக்கத்துக் கேரளத்தில் 2020 நவம்பரிலிருந்து மரவள்ளி, தக்காளி, பூண்டு முதலான 16 பண்டங்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை நிர்ணயித்தார்கள். புளியரைக் கணவாய் வழியாக நம் காய்கறியை வாங்குகிற மலையாளத்தில் முடிந்தது, விளைவிக்கிற நமக்கு முடியாதா?

நான்காவது, பொதுப் பட்டறை உள்ளி நேரே ரேஷன் கடைக்கும், ஆலைத் தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கும், உழவர் சந்தைக்கும் வர வேண்டும். வருஷம் முழுவதும் நிலையான விலை. விலை ஏறிய பிறகு அங்கொரு வண்டி, இங்கொரு வண்டி நிறுத்தி விற்பது வைத்தியம் அல்ல, ஒப்பாரி.

ஐந்தாவது, இவற்றுக்கெல்லாம் அடித்தளமானது: ஊன்றுகிற, களை எடுக்கிற, தாள் அறுக்கிற பெண்ணுக்கு ஆணுக்கு ஆன கூலி. உள்ளி விலை விழுந்தது என்று சொல்லி அவள் கூலியைப் பிடிக்கக் கூடாது. விலை ஏறிய வருஷம் அவளுக்கு யாரும் கூட்டிக் கொடுத்ததில்லையே!

இந்தக் கோரிக்கைகள் தாமாக நிறைவேறா. உள்ளிக் காட்டில் விவசாயத் தொழிலாளர் சங்கமும், விவசாயிகள் சங்கமும், ஆலை வாசலில் தொழிற்சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். மில் வாசல் கூட்டத்தில் உள்ளி விலையைப் பேசுங்கள். கிராமத்துக் கூட்டத்தில் மில் தொழிலாளியின் பஞ்சப்படியைப் பேசுங்கள். ஒருவன் கணக்கை மற்றவன் தெரிந்துகொண்டால் நடுவில் நிற்கிறவனின் கணக்கு வெளிச்சத்துக்கு வரும்.

நன்றாக உலர்த்திய உள்ளி நாலு மாதம் காத்திருக்கும். நாம் காத்திருந்தது போதும்.